ஷாக் போகவில்லை, பட்டை முறிந்திருக்கிறது

ஒரு பெண் தனியாக வண்டியைக் கொண்டுபோய்ப் பட்டறை வாசலில் நிறுத்தினால், முதல் கேள்வி வண்டியைப் பற்றி வராது. "சார் வரலையா?" என்றுதான் வரும். சார் சிங்கப்பூரில் இருக்கிறார் என்று சொன்னால், "அப்ப ஃபோன் போட்டுக் குடுங்கம்மா, அவர்ட்டயே பேசிக்கிறேன்" என்பார்கள். தினமும் போக வர எழுபது கிலோமீட்டருக்கு மேல் அந்த வண்டியை ஓட்டுகிறவள் நான். எந்தப் பள்ளத்தில் என்ன சத்தம் வருகிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சத்தத்தைக் கடல் தாண்டிக் கட்டட வேலையில் நிற்கிற மனிதர் ஃபோனில் விளக்க வேண்டும். அவர் பாவம், "நீங்க பார்த்துச் செய்யுங்கண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.

எங்கள் ஊர் கீரமங்கலத்துக்குப் பக்கத்தில். புதுக்கோட்டை மாவட்டத்தில் இந்தப் பகுதியைத் தெரிந்தவர்களுக்குப் பூவும் பலாவும் தெரிந்திருக்கும். 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் அடித்தபோது ஒரே இரவில் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அதற்குப் பிறகுதான் நான் இந்த வண்டியை வாங்கினேன். 2006ஆம் வருடத்து மாருதி ஆம்னி. சீட்டுப் பணமும் ஒரு ஜோடி வளையலும் சேர்ந்து வந்த வண்டி. மிச்சமிருந்த மரங்களில் காய்த்ததையும், மறுபடி நட்டு வந்த பூவையும், எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலுமாக ஆறு பெண்கள் என்னிடம் கொடுத்து அனுப்புவார்கள். விடிவதற்குள் மல்லிகை, முல்லை. சித்திரையிலிருந்து ஆடி வரைக்கும் பலாப்பழம். புதுக்கோட்டையில் நேராகக் கொண்டுபோய்க் கொடுத்தால் கிடைக்கிற விலை, வாசலுக்கு வந்து எடுக்கிற வியாபாரியிடம் கிடைக்காது. வண்டி நின்றால் ஆறு வீட்டுக்கும் வியாபாரி சொல்வதுதான் விலை.

அந்த வண்டிதான் பின்பக்கம் இடது புறமாகச் சாய ஆரம்பித்தது.

முதலில் வேகத்தடை ஏறி இறங்கும்போது 'தொம்' என்று ஒரு சத்தம். பிறகு முதல் கியரில் கிளம்பும்போது 'டொக்' என்று ஒரு தட்டு. பிறகு நேரான சாலையிலும் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்தால்தான் வண்டி நேராகப் போனது. இரவில் எதிரே வருகிறவர்கள் விளக்கை அடித்து அடித்துக் காட்டினார்கள். பின்பக்கம் தாழ்ந்தால் முன்பக்கம் தூக்கும். நான் டிம் போட்டிருந்தாலும் வெளிச்சம் அவர்கள் கண்ணில்தான் அடித்தது.

நான் வழக்கமாக விடும் பட்டறையில் "ஷாக் போச்சு" என்றார்கள். ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றினார்கள். ஒரு மாதம் ஆகவில்லை, மறுபடியும் அதே சாய்வு. மறுபடியும் ஷாக் மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு வாரத்து வருமானம் போனது. இரண்டாவது முறையும் சரியாகவில்லை என்றதும் காரணம் என் பக்கம் திரும்பியது. "லேடீஸ் ஓட்டுனா ஸ்பீட் பிரேக்கர்ல அப்படியே ஏத்தி எறக்கிடுறீங்க. அப்புறம் எந்த ஷாக் தாங்கும்?" மூன்றாவது முறை, "வண்டி செத்துருச்சும்மா, வந்த வெலைக்குக் குடுத்துடுங்க" என்று தீர்ப்பே வந்துவிட்டது. என் கணவரின் அண்ணன் அன்று சாயங்காலமே வந்தார். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கும்மா இந்தத் தொந்தரவு? குடுத்துடு. ஆளு இருக்கு" என்றார். அவர் கெட்டவர் இல்லை. என் நல்லதுக்கென்று நம்பித்தான் சொன்னார். அதனாலேயே பதில் சொல்வது கடினமாக இருந்தது.

தோழிகளே, இங்கே கொஞ்சம் வண்டிக்கு அடியில் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். ஒரு வண்டியின் எடையை எது சுமக்கிறது? ஷாக் அப்சார்பர் இல்லை. சுமப்பது ஸ்பிரிங். ஆம்னியின் பின்பக்கத்தில் அந்த ஸ்பிரிங் பட்டையாக இருக்கும். லாரிக்காரர்கள் கமான் பட்டை என்பார்கள். வில் மாதிரி வளைந்த எஃகுப் பட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் ஒரு சென்டர் போல்ட்டைப் போட்டு, சக்கரங்களைத் தாங்கும் அச்சோடு யு போல்ட்டுகளால் இறுக்கியிருப்பார்கள். எல்லாவற்றிலும் நீளமான பெரிய பட்டைக்கு இரண்டு முனையிலும் கண் இருக்கும். முன் கண் வண்டியின் உடம்போடு நேராக மாட்டியிருக்கும். பின் கண், ஷேக்கிள் என்ற சின்ன ஊஞ்சல் போன்ற இணைப்பில் தொங்கும். பாரம் ஏறி வில் நிமிரும்போது அதன் நீளம் கூடும் இல்லையா, அந்தக் கூடுதலுக்கு இடம் கொடுப்பதற்குத்தான் ஊஞ்சல். ஷாக்கின் வேலை வேறு. வில் அமுங்கி எழும்பிய பிறகு துள்ளிக்கொண்டே இருக்காமல் அந்த ஆட்டத்தை அடக்குவது. ஷாக் போனால் வண்டி துள்ளும். அது மட்டுமே போனால் வண்டி ஒரு பக்கம் சாயாது. சாய்ந்தால், சுமக்கிற பொருளில் கோளாறு.

இந்தப் பட்டை ஒன்றும் புதிய சமாச்சாரம் இல்லை. 1983இல் வந்த முதல் மாருதி 800இலும் பின்பக்கம் பட்டைதான். 1986இல் வந்த அடுத்த உருவத்தில்தான் அது சுருள் ஸ்பிரிங்காக மாறியது. 1984இல் மாருதி வேன் என்று வந்து பிறகு ஆம்னி என்று பெயர் மாறிய வண்டி, 2019இல் நிறுத்தும் வரை பட்டையோடுதான் ஓடியது. அம்பாசடரும் அப்படித்தான். இதற்கெல்லாம் முன்னால் நம் ஊரில் வில்வண்டி இருந்தது. வில் என்றால் இந்தப் பட்டைதான். மற்ற மாட்டுவண்டிகள் முதுகெலும்பை உடைக்கும், வில்வண்டி உடைக்காது. அதனாலேயே அது பெரிய வீட்டு வண்டி. கேரளத்தில் 1893இல் அய்யன்காளி ஒரு வில்வண்டியை வாங்கி, ஒடுக்கப்பட்ட சாதியினர் நடக்கவே கூடாது என்று தடுத்து வைத்திருந்த பொதுச் சாலையில் ஓட்டிப் போனார். எந்த உடம்பு அதிராமல் பயணம் செய்யலாம் என்பதற்குக்கூட இந்த நாட்டில் சட்டம் இருந்தது. வண்டிக்கு அடியில் இருக்கிற இரும்பைப் பற்றிப் பேசும்போது வண்டிக்கு மேலே இருக்கிறவர்களைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

என் நாத்தனார் எங்கள் தெருவிலேயே தையல் கடை வைத்திருக்கிறாள். அந்த வாரம் நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு, "அண்ணி, சாஞ்சிருக்கு சாஞ்சிருக்குங்கிறீங்களே, எவ்வளவு சாஞ்சிருக்குன்னு அளந்தீங்களா?" என்றாள். அவளுக்குத் துணி என்றாலும் வண்டி என்றாலும் முதலில் அளவுதான். கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

வண்டியைக் காலியாக்கி, நான்கு டயரிலும் காற்றைச் சரிபார்த்து, களத்துச் சிமெண்டுத் தரையில் நிறுத்தினோம். டயரில் காற்று குறைந்தாலே ஒரு பக்கம் தாழும். அதை முதலில் விலக்கிவிட வேண்டும். சக்கரத்தின் நடு மையத்திலிருந்து அதற்கு நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்தோம். பின்பக்கம் வலதைவிட இடது 4 சென்டிமீட்டர் குறைவு. முன்பக்கம் இரண்டும் கிட்டத்தட்ட சமம். அடுத்து, பின்பக்க மூலையை இருவரும் சேர்ந்து அமுக்கிவிட்டுக் கையை எடுத்தோம். வண்டி ஒரு தரம் எழும்பி நின்றுவிட்டது. துள்ளிக்கொண்டே இருந்தால் ஷாக்கைச் சந்தேகிக்கலாம். இது நின்றுவிட்டது. ஆகவே புது ஷாக் தன் வேலையைச் செய்கிறது. இரண்டு முறை நான் காசு கொடுத்து மாற்றியது கெட்டுப்போகாத பொருளை.

மூன்றாவது அளவுதான் முக்கியம். முன் சக்கரங்களை நேராக வைத்து, கொத்தனாரிடம் வாங்கிவந்த தூக்குக்குண்டைச் சக்கர மையத்திலிருந்து தொங்கவிட்டு, தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்தோம். முன் புள்ளிக்கும் பின் புள்ளிக்கும் நடுவே எவ்வளவு? ஆம்னிக்கு அது 1,840 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். வலது பக்கம் 184 சென்டிமீட்டர், சரியாக. இடது பக்கம் 185½. அதாவது பின் அச்சு இடது பக்கத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் பின்னால் நகர்ந்திருக்கிறது. அச்சு கோணலாக இருந்தால் பின்பக்கம் ஒரு திசைக்குத் தள்ளும், ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், வண்டி நண்டு மாதிரிப் போகும். எனக்கு நடந்தது அதுதான். அச்சை அதன் இடத்தில் நிறுத்தி வைப்பது பெரிய பட்டையும் சென்டர் போல்ட்டும். இரண்டில் ஒன்று போயிருக்க வேண்டும்.

நாத்தனார் இதையெல்லாம் சட்டை அளவு எழுதுகிற நோட்டிலேயே எழுதிக்கொண்டாள். இ.பி., வ.பி. என்று தலைப்பு போட்டு.

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு புதுக்கோட்டையில் லாரிகளுக்குப் பட்டை வேலை செய்கிற ஒரு பட்டறைக்குப் போனேன். வயதான மனிதர். நோட்டை வாங்கிக் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துப் படித்தார். "யாரும்மா அளந்தது?" "நாங்கதான்யா." "அப்ப ஷாக் இல்ல. பெரிய பட்டை முறிஞ்சிருக்கும். வேற ஒண்ணும் இருக்காது." என் கணவர் எங்கே என்று அவர் கேட்கவில்லை. "பட்டையைப் பத்தவச்சு ஓட்டலாமாய்யா?" என்று கேட்டேன். "கூடவே கூடாது. வில்லுக்குன்னு பதம் பண்ண இரும்பு அது. வெல்டிங் சூடு பட்டா அந்த எடத்துல பதம் போயிரும், மறுபடி அங்கயேதான் முறியும். கூட ஒரு பட்டை சேத்துக் குடுங்கன்னும் கேப்பாங்க. வண்டி தூக்கும், ஆனா அடி பூரா பாடிக்குப் போகும். ஜோடியா ரெண்டு பக்கமும் மாத்திடு. ஒண்ணு புதுசு ஒண்ணு பழசுன்னா மறுபடி சாயும்." அவர் பட்டறையில் ஜல்லி டிப்பர்கள் வரிசையில் நின்றன. மூன்று நாள் ஆகும் என்றார். பூ மூன்று நாள் நிற்காது. "நாங்களே மாட்டலாமாய்யா?" என்றதும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இரண்டு ஸ்டாண்டை எடுத்துக் கொடுத்து, "ஜாக்கியை மட்டும் நம்பி உள்ள போகாத" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை செய்தோம். முந்தின நாளே எல்லா நட்டுக்கும் துருவிடுவிக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்தாயிற்று. முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி, உடம்பு ஸ்டாண்டில் உட்காரும்படி வைத்தோம். செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ வைத்து அடியில் போகவே கூடாது. அவை சொல்லிக்கொண்டு உடைவதில்லை. அச்சுக்கு அடியில் தனியாக ஜாக்கியைக் கொடுத்தோம். இல்லையென்றால் பட்டையைக் கழற்றியதும் அச்சு பிரேக் ஹோஸில் தொங்கும். ஷாக்கின் கீழ்ப் போல்ட், யு போல்ட்டுகள், பின்னால் ஷேக்கிள், கடைசியாக முன் கண்ணின் போல்ட். இடது பட்டை கையோடு வந்தது. பெரிய பட்டை, நடு ஓட்டைக்குச் சற்று முன்னால், இரண்டு துண்டு. வளைவு அதிகம் உழைக்கிற இடம் அது. போல்ட்டுக்காக ஓட்டை போட்டு ஏற்கெனவே பலம் குறைந்த இடமும் அதுதான். ஷேக்கிள் புஷ்ஷும் நைந்து போயிருந்தது. 'டொக்' சத்தத்தின் விலாசம் கிடைத்தது.

முறிந்த முகத்தை வெயிலில் திருப்பிப் பார்த்தேன். முக்கால் பங்கு கருஞ்சிவப்பாகத் துருவேறி இருந்தது. ஓரத்தில் கொஞ்சம் மட்டும் சாம்பல் நிறத்தில் புதிதாக மினுங்கியது. எஃகு ஒரே நாளில் இப்படி முறிவதில்லை. ஒரு சின்னக் கீறல் விழுந்து, ஒவ்வொரு ஏற்ற இறக்கத்துக்கும் மயிரிழை மயிரிழையாக உள்ளே போய், அதற்குள் தண்ணீர் இறங்கித் துருப்பிடித்து, மிச்சமிருக்கிற பகுதி தாங்காத அன்றைக்குப் பட்டென்று போகும். பழைய முறிவு துருவோடு இருக்கும், கடைசி முறிவு பளிச்சென்று இருக்கும். இவ்வளவு ஆழத்துக்குத் துருவேறிய கீறல் பல வருடத்துப் பழசு என்றார், பிறகு அதைப் பார்த்த பட்டைக்காரர். நான் வாங்குவதற்கு முன்பே தொடங்கிவிட்ட முறிவு. லேடீஸ் ஓட்டியதால் வந்தது இல்லை. அந்தத் துண்டை நான் காயலான் கடைக்குப் போடவில்லை. கணவரின் அண்ணன் வந்தபோது திண்ணையில்தான் கிடந்தது. எடுத்துப் பார்த்தார். "இவ்வளவு நாள் இதுலயா ஓட்டுன?" என்றார். விற்பதைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

மாட்டும்போது ஒன்றை மறந்துவிடாதீர்கள். சென்டர் போல்ட்டின் தலை, அச்சில் அதற்கென்று இருக்கிற குழியில் உட்கார வேண்டும். யு போல்ட்டைப் பழசையே போடாமல் புதிது போட்டு, நான்கு நட்டையும் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ரப்பர் புஷ்ஷுக்கு கிரீஸ் தடவக் கூடாது. ரப்பர் ஊதிக் கெடும். கண் போல்ட்டுகளையும் ஷேக்கிளையும் சக்கரம் தரையில் நின்று எடை இறங்கிய பிறகுதான் முழுதாக இறுக்க வேண்டும். தொங்குகிற நிலையில் இறுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். சில நாள் ஓட்டிவிட்டு யு போல்ட்டை மறுபடி ஒருமுறை இறுக்க வேண்டும், பட்டைகள் ஒன்றோடொன்று படிந்திருக்கும். இவ்வளவுதான். காலை ஏழு மணிக்குத் தொடங்கி மாலை விளக்கு வைக்கும்போது முடித்தோம். மறுபடி அளந்தோம். இரண்டு பக்கமும் 184.

அம்மாவுக்கு இதைச் சொன்னபோது ஆச்சரியப்படவில்லை. அவள் 1992இல் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டவள். அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் பாடமாக்கிய வருடங்கள் அவை. ஷீலா ராணி சுங்கத் அப்போது மாவட்ட ஆட்சியர். கல்குவாரிகள் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்கு வந்ததும் அந்தக் காலத்தில்தான். அந்த வருடம் மகளிர் தினத்தன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரத்துக்குள் சைக்கிளில் ஊர்வலமாக வந்தார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளே போதும் என்று ஓட்டினார்கள். நடுக்கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. அந்தக் கம்பியில் உட்கார்ந்து போன பிள்ளைகளில் நானும் ஒருத்தி.

ஆனால் பங்க்சர் ஆனால் அம்மா கடைக்குத்தான் தள்ளிக்கொண்டு போவாள். அங்கே நாலு ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவள் சற்றுத் தள்ளி, வேலியோரமாக நிற்பாள். ஓட்டும்போது நிமிர்ந்திருந்த உடம்பு அங்கே குறுகும். எனக்கு ஞாபகத்தில் இருப்பது அந்த வேலியோரம்தான். ஓட்டுவது வரைக்கும் நாம் வந்துவிட்டோம். 1993இல் கன்னியாகுமரி மாவட்டத்தின் வசந்தகுமாரி அரசுப் பேருந்தையே ஓட்ட வந்துவிட்டார். பழுது பார்க்கிற இடம் மட்டும் இன்னும் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. உடைந்தது எது என்று சொல்கிற உரிமை யாரிடம் இருக்கிறதோ, உடைத்தது யார் என்று சொல்கிற உரிமையும் அவர்களிடமே போய்விடுகிறது.

பெண்ணுக்கு எந்திரம் புரியாது என்பவர்கள் வீட்டுக்குள் வந்து பார்த்ததில்லை. நாத்தனார் தன் தையல் மிஷினைப் பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெய் விட்டு மாட்டுவாள். நூல் அறுந்தால் பாபினா, டென்ஷனா, ஊசியா என்று ஒவ்வொன்றாக விலக்கிப் பார்ப்பாள். கோளாறு கண்டுபிடிப்பது என்பது அதுதானே? 1888இல் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் தன் கணவர் உருவாக்கிய காரை எடுத்துக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை போனார். உலகின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணம் அது. வழியில் எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். பிரேக் தேய்ந்தபோது ஒரு செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து அடித்து வாங்கினார். தொப்பி ஊசியும் தோலும் அவர் கைக்குத் தெரிந்த பொருள்கள். நமக்கு அளவு நாடாவும் தூக்குக்குண்டும்.

பட்டை மாற்றியதால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. இருபது வருட வண்டி. பெரிய பழமாக இருந்தால் ஒரு நடைக்கு முப்பதுக்கு மேல் ஏற்றுவதில்லை என்று ஆறு பேரிடமும் சொல்லிவிட்டேன். ஒரு அக்காவுக்கு வருத்தம். பலாக்காலத்தில் அவர் காய்தான் அதிகம். இரண்டாவது நடைக்கான பெட்ரோலைக் காய்க்குத் தக்கபடி பிரித்துக்கொள்வது என்று பேசி முடிக்க இரண்டு கூட்டம் ஆனது. பட்டை மாற்றியதைவிட அதுதான் அதிக நேரம் எடுத்தது.

மாதம் பிறந்தால் களத்தில் வண்டியை நிறுத்தி அளக்கிறோம். பக்கத்து ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேன் ஓட்டுகிற ஒரு தங்கச்சியும் போன மாதம் தன் வண்டியைக் கொண்டுவந்தாள். வலது பின்பக்கம் 2 சென்டிமீட்டர் குறைவு. ஷேக்கிள் புஷ்ஷைப் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். அளவு நாடா இப்போது என் வண்டியிலேயே இருக்கிறது. நாத்தனாரின் கடைக்கு வேறொன்று வாங்கிக் கொடுத்துவிட்டேன்.